விண்ணப்பங்கள் குறையவில்லை என்பது போதுமா? அமெரிக்க மாநில அரசியலும் பொதுப் பல்கலைக்கழகங்களின் நற்பெயரும்

2025 மே மாதக் கடைசியில் புளோரிடா பல்கலைக்கழகத்தின் அறங்காவலர் குழு, தனது அடுத்த தலைவராக சான்டா ஓனோவை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தது. தலைவர் என்றால் நம் ஊர்த் துணைவேந்தருக்கு இணையான பொறுப்பு. ஓனோ அதற்கு முன்பு மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் தலைவர். அமெரிக்காவின் மிக மதிப்பு வாய்ந்த பொதுப் பல்கலைக்கழகங்களில் ஒன்றை விட்டுவிட்டு ஒருவர் புளோரிடாவுக்கு வர முன்வந்தார் என்பதே அந்த மாநிலத்துக்குப் பெருமை. ஆனால் ஜூன் 3 அன்று, எல்லா மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் மேலே இருக்கும் ஆளுகைக் குழு 10-க்கு 6 என்ற வாக்கில் அவரை நிராகரித்தது. வெவ்வேறு இன, சமூகப் பின்னணி உள்ளவர்களுக்கு இடமளிக்கும் பன்மைத்துவ, சமத்துவத் திட்டங்கள் தொடர்பாக மிச்சிகனில் அவர் முன்பு எடுத்த நிலைப்பாடுகள் குடியரசுக் கட்சிப் பிரமுகர்களுக்குப் பிடிக்கவில்லை. அவற்றிலிருந்து விலகிவிட்டதாக அவர் சொன்னதும் எடுபடவில்லை.

அந்த வாக்கெடுப்பால் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் புளோரிடாவைக் கைவிட்டுவிடப் போவதில்லை. அவர்களில் பெரும்பாலோர் ஓனோவின் பெயரைக்கூடக் கேட்டிருக்கமாட்டார்கள். ஆனால் நாட்டில் எங்கெங்கோ ஒரு பல்கலைக்கழகத்தை நடத்தத் தகுதி பெற்ற சிலநூறு பேர் அதைக் கவனமாகப் பார்த்தார்கள். இருக்கும் பதவியை விட்டுவிட்டு வந்தால் கடைசி நொடியில் அரசியல் கதவைச் சாத்திவிடக்கூடும் என்று அவர்களுக்குப் புரிந்தது. மாநில அரசியல் ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரைக் கெடுக்கிறதா என்ற விவாதம் வரும்போதெல்லாம் "விண்ணப்பங்கள் ஏறிக்கொண்டுதானே இருக்கின்றன" என்று ஒரு தரப்பு பதில் சொல்கிறது. எண்ணிக்கை உண்மைதான். ஆனால் அது தவறான இடத்தில் வைத்த அளவுகோல். அடி முதலில் விழுவது மாணவர் வரிசையில் அல்ல, ஆசிரியர் அறையில். அங்கிருந்து மாணவரை வந்தடையப் பல ஆண்டுகள் ஆகும்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இங்கே ஒரு விளக்கம் தேவை. ஆளுநர், பல்கலைக்கழகம் என்ற இரு சொற்களும் அருகருகே வந்தால் நமக்கு நினைவுக்கு வருவது சென்னை ராஜ்பவனுக்கும் தலைமைச் செயலகத்துக்கும் நடந்த துணைவேந்தர் நியமனச் சண்டை. அமெரிக்காவில் ஆளுநர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் மாநிலத் தலைவர். நம் முதலமைச்சரின் இடத்தில் இருப்பவர். பெரும்பாலான மாநிலங்களில் அவரே பல்கலைக்கழக அறங்காவலர்களை நியமிக்கிறார், அல்லது அந்த அதிகாரத்தைச் சட்டமன்றத்தோடு பங்கிட்டுக்கொள்கிறார். ஒரே கட்சி ஆளுநர் மாளிகையையும் சட்டமன்றத்தையும் பத்து, பதினைந்து ஆண்டுகள் கையில் வைத்திருந்தால், அறங்காவலர் குழுவின் ஒவ்வொரு நாற்காலியும் அந்தக் கட்சியின் விருப்பப்படி நிரம்பிவிடும்.

இரண்டு விலைகள்

அமெரிக்கப் பொதுப் பல்கலைக்கழகம் ஒரே இருக்கையை இரண்டு விலைக்கு விற்கிறது. புளோரிடா பல்கலைக்கழகத்தில் அந்த மாநிலத்து மாணவருக்கு ஆண்டுக் கட்டணம் சுமார் 6,400 டாலர். வெளிமாநிலத்தவருக்கு நெடுங்காலம் 28,600 டாலருக்கு மேல், நான்கு மடங்குக்கும் அதிகம். மாநிலத்தவரின் பெற்றோர் வரி கட்டுகிறார்கள், அதனால் சலுகை என்பது இதன் நியாயம். 2008 பொருளாதார வீழ்ச்சிக்குப் பிறகு மாநிலங்கள் உயர்கல்விக்கான ஒதுக்கீட்டை வெட்டித் தள்ளியபோது, அந்தக் குழியை நிரப்பப் பல பல்கலைக்கழகங்கள் வெளிமாநில மாணவர்களைத் தேடி ஓடின. அதாவது, வெளிமாநில விண்ணப்பங்களுக்கு இன்றிருக்கும் முக்கியத்துவமே மாநில அரசியலின் விளைவு. வரவுசெலவுத் திட்டத்தில் ஓசையில்லாமல் எடுத்த முடிவுதான் முதல் தலையீடு. சட்டமன்ற மேடையில் முழங்கும் பண்பாட்டுப் போர்கள் அதற்குப் பிறகு வந்தவை.

வெளியார் அதிகமாக வந்தால் உள்ளூர்ப் பெற்றோர் கொதிப்பார்கள். எங்கள் வரிப்பணத்தில் கட்டிய கல்லூரியில் எங்கள் பிள்ளைக்கு இடமில்லையா என்பார்கள். அது நியாயமான கேள்வி. அதனால்தான் உச்சவரம்புகள் வந்தன. வட கரோலைனாவில் 1986 முதல் முதலாண்டு மாணவர்களில் வெளிமாநிலத்தவர் 18 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற விதி உண்டு. அண்மையில் கறுப்பின மாணவர்களுக்காக வரலாற்று ரீதியாக உருவான கல்லூரிகளுக்கு அது தளர்த்தப்பட்டது. கலிபோர்னியாவில் 2016-ல் மாநிலத் தணிக்கையாளர் கடுமையான அறிக்கை கொடுத்த பிறகு, 2017-ல் அங்கேயும் 18 விழுக்காடு என்ற எல்லை வந்தது. புளோரிடாவில் மாநிலப் பல்கலைக்கழக அமைப்பு முழுவதற்கும் சேர்த்து 10 விழுக்காடு. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் பத்தில் ஒன்பது இடங்கள் டெக்சாஸ் மாணவர்களுக்கு.

இந்த விவாதத்தில் பலர் கவனிக்கத் தவறுவது இதைத்தான். அரசியல் தலையீடு உரத்து ஒலிக்கும் புளோரிடாவும் டெக்சாஸும் வெளிமாநிலப் பணத்தை நம்பி வாழும் மாநிலங்கள் அல்ல. மக்கள்தொகை பெருகும் பெரிய மாநிலங்கள் அவை. உள்ளூர் மாணவர்களே இடத்துக்கு அடித்துக்கொள்கிறார்கள். நியூயார்க்கிலிருந்தோ மாசசூசெட்ஸிலிருந்தோ சில ஆயிரம் விண்ணப்பங்கள் குறைந்தாலும் ஒரு வகுப்பறைகூடக் காலியாகாது. சட்டம் இயற்றுபவர்களுக்கு அதன் விலை தெரியவே தெரியாது. மறுபக்கம் மிச்சிகன். அங்கே இளநிலை மாணவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் வெளியார். அந்தப் பல்கலைக்கழகத்தின் எட்டு ஆட்சிக்குழு உறுப்பினர்களையும் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். 1850-ஆம் ஆண்டின் மாநில அரசமைப்புச் சட்டத்திலிருந்தே அதற்குத் தன்னாட்சி உண்டு. ஆளுநர் நினைத்தாலும் அங்கே ஒரே வாரத்தில் குழுவை மாற்றிவிட முடியாது.

எண்ணிக்கை எதைச் சொல்கிறது?

பன்மைத்துவ அலுவலகங்களை மூடச் சொல்லும் டெக்சாஸ் சட்டம் 2024 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அந்த ஏப்ரலில் ஆஸ்டின் வளாகம் சுமார் 60 ஊழியர்களைப் பணிநீக்கம் செய்தது. அடுத்த சேர்க்கைக் காலத்தில், 2025 இலையுதிர்கால வகுப்புக்கு வந்த விண்ணப்பங்கள் 90,000-ஐத் தாண்டின. முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அதிகம். வெளிமாநில விண்ணப்பங்களின் ஏற்றம் அதைவிடவும் பெரிது. இதை வைத்து மாணவர்களுக்கு அந்தச் சட்டம் பொருட்டே இல்லை என்று வாதிடுவது எளிது. ஆனால் அதே ஆண்டில்தான் ஆஸ்டின் முன்கூட்டியே விண்ணப்பித்து முன்கூட்டியே முடிவு பெறும் வாய்ப்பை முதல்முறையாகக் கொடுத்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் பத்துக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போகும் காலத்தில், கடைசித் தேதியை நகர்த்துவதே ஆயிரக்கணக்கானவர்களைக் கூட்டிவரும்.

இதைவிடத் தெளிவான சான்று விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மேடிசன் வளாகம். 2015-ல் ஆளுநர் ஸ்காட் வாக்கர் மாநிலப் பல்கலைக்கழக அமைப்பின் நிதியில் 25 கோடி டாலரை இரண்டாண்டுக் கணக்கில் வெட்டினார். பேராசிரியர்களின் நிரந்தரப் பணிப் பாதுகாப்பை விஸ்கான்சின் மாநிலச் சட்டத்திலேயே எழுதிவைத்திருந்தது; அதுவும் நீக்கப்பட்டது. பல்கலைக்கழகத்தின் நோக்கங்களை வரையறுக்கும் பகுதியிலிருந்து "உண்மையைத் தேடுதல்" என்ற தொடரை எடுத்துவிட்டு, மாநிலத்தின் தொழிலாளர் தேவையை நிறைவேற்றுதல் என்று எழுத ஒரு வரைவு முயன்றது. எதிர்ப்புக் கிளம்பியதும் அது கைவிடப்பட்டது. உண்மையைத் தேடுதல் ஒரு பல்கலைக்கழகத்துக்கு வேண்டாத வேலை என்று ஒரு மாநில அரசின் ஆவணத்தில் யாரோ கருதியிருக்கிறார்கள் என்பதை இன்றும் என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை.

அதன் பிறகு மேடிசனுக்கு என்ன ஆனது? 2015-ல் சுமார் 32,000 பேர் முதலாண்டு இடங்களுக்கு விண்ணப்பித்தார்கள். 2022-ல் 60,000 பேர். நிதி வெட்டை ஈடுகட்ட, வெளிமாநிலத்தவருக்கு அதுவரை இருந்த 27.5 விழுக்காடு என்ற வரம்பும் 2015 அக்டோபரில் தளர்த்தப்பட்டது. ஆண்டுக்குக் குறைந்தது 3,600 உள்ளூர் மாணவர்கள் என்ற உறுதிமொழி மட்டும் மிஞ்சியது. அந்த வாசல் வழியாகத்தான் புதிய கூட்டம் வந்தது. அதே வேளையில், வேறு பல்கலைக்கழகங்கள் மேடிசன் பேராசிரியர்களுக்கு வலைவீசின. அவர்களைத் தக்கவைக்க வளாகம் பல மில்லியன் டாலர்களைச் சம்பள உயர்வாகவும் ஆய்வு நிதியாகவும் கொடுக்க வேண்டியிருந்தது. ஆய்வுச் செலவில் 1972 முதல் நாட்டின் முதல் ஐந்து இடங்களுக்குள் நின்ற பல்கலைக்கழகம் அது. 2016-ல் வெளியான பட்டியலில் முதல்முறையாக அந்த ஐந்துக்கு வெளியே போனது. அந்தக் கணக்கு 2015 சட்டத்துக்கு முந்தைய ஆண்டினுடையது, எனவே அதை வாக்கரின் சட்டத்தின் தலையில் கட்டுவது சரியாகாது. பல ஆண்டுகளாகத் தேய்ந்துவந்த மாநில நிதிக்கு அதில் பங்கு இருக்கிறது. மாணவர் வரிசை இரட்டிப்பாக நீண்ட அதே பத்தாண்டில்தான் அதன் ஆய்வுத் தரவரிசை சரிந்தது.

விண்ணப்பங்கள் உண்மையிலேயே சரிந்த இடமும் உண்டு: மிசௌரி பல்கலைக்கழகத்தின் கொலம்பியா வளாகம். 2015 நவம்பரில் இனப்பாகுபாட்டுக்கு எதிராக அங்கே கறுப்பின மாணவர்கள் போராடினார்கள். கால்பந்து அணி விளையாட மறுத்தது. நவம்பர் 9 அன்று பல்கலைக்கழக அமைப்பின் தலைவரும் வளாகத்தின் தலைவரும் ஒரே நாளில் பதவி விலகினார்கள். தேசியத் தொலைக்காட்சிகள் முழுக்க அதுவே ஓடியது. சட்டமன்ற உறுப்பினர்கள் நிதியை நிறுத்துவதாக மிரட்டினார்கள். இரண்டே ஆண்டுகளில் முதலாண்டு மாணவர் எண்ணிக்கை 35 விழுக்காட்டுக்கு மேல் வீழ்ந்தது. ஏழு விடுதிகளைத் தற்காலிகமாக மூடினார்கள். நூற்றுக்கணக்கான பணியிடங்கள் போயின. கறுப்பினக் குடும்பங்கள், அங்கே தங்கள் பிள்ளைக்குப் பாதுகாப்பில்லை என்று விலகின; வெள்ளையினப் பழமைவாதக் குடும்பங்கள், அங்கே கலகக்காரர்கள் ஆள்கிறார்கள் என்று விலகின. இரு தரப்பும் ஒரே காட்சியைப் பார்த்து எதிரெதிர்க் காரணங்களுக்காக ஒதுங்கின. 2018-லிருந்து எண்ணிக்கை மீளத் தொடங்கியது.

மாணவரையும் பெற்றோரையும் அசைப்பது கண்ணால் பார்க்கிற காட்சி. சட்டத்தின் பிரிவுகளை அவர்கள் படிப்பதில்லை. நிரந்தரப் பணி பெற்ற பேராசிரியரையும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்ய வேண்டும் என்ற சட்ட வரி ஒரு பதினேழு வயதுப் பெண்ணின் காதில் விழவே விழாது. ஒரு பேராசிரியருக்கோ அது வீட்டை விற்றுவிட்டு ஊர் மாறும் அளவுக்குப் பெரிய செய்தி.

இல்லினாய் கதை வேறு வகை. ஆளுநர் புரூஸ் ரௌனருக்கும் ஜனநாயகக் கட்சி கையிலிருந்த சட்டமன்றத்துக்கும் நடந்த இழுபறியில், 2015 ஜூலை முதல் 2017 ஜூலை வரை அந்த மாநிலத்துக்கு முழுமையான வரவுசெலவுத் திட்டமே இல்லை. ஏழை மாணவர்களுக்கான உதவித்தொகை வந்துசேருமா என்றே தெரியாத நிலை. சிகாகோவின் தென்புறத்தில், பெரும்பாலும் கறுப்பின மாணவர்கள் படிக்கும் சிகாகோ மாநிலப் பல்கலைக்கழகம் 2016-ல் சுமார் 300 பேரை வேலையிலிருந்து அனுப்பியது; அந்த இலையுதிர்காலத்தில் அங்கே சேர்ந்த புதிய முதலாண்டு மாணவர்கள் நூறு பேர்கூட இல்லை. 2017-ல் பள்ளி முடித்து நான்காண்டுக் கல்லூரிகளுக்குப் போன இல்லினாய் மாணவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் மாநிலத்தை விட்டே வெளியேறினார்கள். பண்பாட்டுச் சட்டம் எதுவும் அங்கே இல்லை. வெறும் பிடிவாதமும் கட்டாத பில்களும் அந்த வேலையைச் செய்துவிட்டன.

அப்படி வெளியேறியவர்கள் போன இடங்களில் ஒன்று அலபாமா. 2003-ல் ராபர்ட் விட் தலைவராக வந்தபோது அலபாமா பல்கலைக்கழகத்தில் சுமார் 20,000 மாணவர்கள். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் 37,000-ஐத் தொட்டது. மாநில நிதி குறைய, அவர் சேர்க்கை அதிகாரிகளை நாடெங்கும் நிறுத்தினார். நல்ல மதிப்பெண் எடுத்த வெளிமாநில மாணவர்களுக்குக் கட்டணச் சலுகையை அள்ளிக் கொடுத்தார். கால்பந்து வெற்றிகள் விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டன. இன்று அங்கே மாணவர்களில் பாதிக்கு மேல் வெளியார். நாட்டின் மிகப் பழமைவாத மாநிலங்களில் ஒன்று அது. கருக்கலைப்புக்கு ஏறக்குறைய முழுத் தடை. 2024-ல் பன்மைத்துவத் திட்டங்களுக்கும் தடை வந்தது. ஆனாலும் வடக்கிலிருந்து பிள்ளைகள் போகிறார்கள். அலபாமா மட்டுமல்ல, வடக்கு மாநிலங்களிலிருந்து தெற்கத்திப் பொதுப் பல்கலைக்கழகங்களுக்குப் போகிறவர்கள் இருபது ஆண்டுகளில் 84 விழுக்காடு கூடியிருப்பதாக வால் ஸ்ட்ரீட் ஜர்னல் 2024-ல் கணக்கிட்டது. வெயில், குறைந்த செலவு, விளையாட்டு அரங்கின் ஆரவாரம், கொரோனா காலத்தில் திறந்திருந்த வளாகங்கள் எல்லாம் சேர்ந்து இழுக்கின்றன.

அலபாமாவின் வெற்றி எனக்கு மகிழ்ச்சி தரவில்லை. அந்தச் சலுகைப் பணத்தில் பெரும்பங்கு வசதியான வெளிமாநிலக் குடும்பங்களுக்குப் போயிற்று. அதே மாநிலத்தின் ஏழை மாவட்டங்களில் படித்து முன்னுக்கு வரத் துடிக்கும் பிள்ளைகளுக்காகத்தான் அந்தப் பல்கலைக்கழகத்தை மாநிலம் கட்டியது.

கருத்துக்கணிப்புகள் வேறு படம் காட்டுகின்றன. 2023-ல் ஆர்ட் அண்ட் சயின்ஸ் குரூப் என்ற ஆலோசனை நிறுவனம் நடத்திய கணிப்பில், கல்லூரிக்குப் போகவிருந்த மாணவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர், ஒரு மாநிலத்தின் அரசியலுக்காக மட்டுமே அங்குள்ள கல்லூரிகளைப் பட்டியலிலிருந்து நீக்கியதாகச் சொன்னார்கள். முற்போக்காளர்கள் அலபாமாவையும் டெக்சாஸையும் தவிர்த்தால், பழமைவாதிகள் கலிபோர்னியாவையும் நியூயார்க்கையும் தவிர்த்தார்கள். இரு தரப்பிலும் விகிதம் கிட்டத்தட்ட ஒன்றே. லூமினா அறக்கட்டளையும் கேலப் கணிப்பு நிறுவனமும் நடத்திய கணிப்பில், இனப்பெருக்க உரிமைச் சட்டங்கள் தங்கள் முடிவில் ஓரளவாவது இடம்பெறுவதாகப் பத்தில் ஏழு பேர் சொன்னார்கள். இவர்கள் பொய் சொல்லவில்லை. ஒருவர் விலகும்போது வேறொருவர் வந்து நிற்பதால் மொத்த எண்ணிக்கை அசைவதில்லை. ஆனால் வகுப்பறையில் உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்பது மாறுகிறது. ஒத்த கருத்துள்ளவர்கள் ஒத்த மாநிலங்களுக்குப் போகத் தொடங்கினால், வெவ்வேறு ஊர்ப் பிள்ளைகள் ஒரே விடுதியில் தங்கி வாதிட்டு வளரும் இடமாகப் பொதுப் பல்கலைக்கழகம் நீடிக்காது. எந்த மாநிலமும் வெளியிடும் சேர்க்கைப் புள்ளிவிவரத்தில் இந்த இழப்புக்கு ஒரு கட்டம் கிடையாது.

பெயர் குடியிருக்கும் இடம்

ஒரு பல்கலைக்கழகத்தின் நற்பெயரை யார் தீர்மானிக்கிறார்கள்? அமெரிக்காவில் பெரிதும் பார்க்கப்படும் யுஎஸ் நியூஸ் தரவரிசையில் 20 விழுக்காடு மதிப்பெண், மற்ற பல்கலைக்கழகங்களின் தலைவர்களும் மூத்த நிர்வாகிகளும் தரும் மதிப்பீடு. அவர்கள் தங்கள் பேராசிரியர்களின் வாயிலாக அறிந்ததைத்தான் சொல்கிறார்கள். 2021-ல் வட கரோலைனா பல்கலைக்கழகத்தில், புலிட்சர் பரிசு பெற்ற இதழாளர் நிகோல் ஹன்னா-ஜோன்ஸுக்கு நிரந்தரப் பணி வழங்குவதை அறங்காவலர்கள் இழுத்தடித்தார்கள். அந்தச் சர்ச்சையின் நடுவே, வேதியியல் துறை தன் பக்கம் இழுக்கப் பாடுபட்ட ஒரு பேராசிரியர் தன் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றார். இதழியலுக்கும் வேதியியலுக்கும் என்ன தொடர்பு? எதுவுமில்லை. ஒரு துறையில் நடந்த அவமதிப்பு அடுத்த கட்டடத்தின் ஆள்சேர்ப்பைக் கெடுத்தது. பின்னர் ஹன்னா-ஜோன்ஸுக்குப் பணி உறுதி கிடைத்தது. அவர் அதை ஏற்காமல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார்.

2023-ல் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கம் புளோரிடா, ஜார்ஜியா, வட கரோலைனா, டெக்சாஸ் ஆகிய மாநிலங்களில் நடத்திய கணிப்பில், பதிலளித்த ஆசிரியர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர், தங்கள் மாநிலத்துக்கு வரும்படி ஒரு சக பேராசிரியருக்குப் பரிந்துரைக்கமாட்டோம் என்றார்கள். விரும்பி வந்து பதிலளித்தவர்களின் கணிப்பு அது. மொத்த ஆசிரியர்களின் மனநிலையாக அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் பல ஆயிரம் பேர் சொன்னதை ஒதுக்கவும் முடியாது.

புளோரிடாவில் சரசோட்டா நகரத்தில் இருக்கும் நியூ காலேஜ், 2023-க்கு முன் சுமார் 700 மாணவர்களைக் கொண்டிருந்த சிறிய பொதுக் கல்லூரி. பெரிய பல்கலைக்கழகங்களில் பத்தாண்டுகள் எடுக்கும் மாற்றம் அங்கே ஓராண்டில் நடந்தது. 2023 ஜனவரியில் ஆளுநர் ரான் டிசாண்டிஸ், பழமைவாதச் செயற்பாட்டாளர் கிறிஸ்டோபர் ரூஃபோ உள்ளிட்ட ஆறு பேரை அறங்காவலர்களாக நியமித்தார். மாத இறுதிக்குள் தலைவர் பட்ரீசியா ஓக்கர் நீக்கப்பட்டார். முன்னாள் சட்டமன்றத் தலைவரும் கல்வி ஆணையருமான ரிச்சர்ட் கோர்கரன் அந்த இடத்துக்கு வந்தார். அடிப்படைச் சம்பளம் முன்னவருடையதைப்போல இரு மடங்குக்கும் மேல். கோடை முடிவதற்குள் மூன்றில் ஒரு பங்குக்கு மேலான ஆசிரியர்கள் போய்விட்டார்கள். மாசசூசெட்ஸில் உள்ள ஹாம்ப்ஷயர் கல்லூரி, நியூ காலேஜ் மாணவர்களை அதே கட்டணத்தில் ஏற்றுக்கொள்வதாக அறிவித்தது. சிலர் அங்கே மாறிப்போனார்கள்.

சேர்க்கை? கூடியது. இலையுதிர்காலத்தில் சேர்ந்த வகுப்பு அந்தக் கல்லூரி அதுவரை கண்டதிலேயே பெரியது. புதிதாகத் தொடங்கிய விளையாட்டு அணிகளுக்காக வந்தவர்கள் அதில் ஏராளம். சராசரி நுழைவு மதிப்பெண் முந்தைய ஆண்டைவிடக் குறைவு. யுஎஸ் நியூஸ் பட்டியலில் 76-ஆம் இடத்திலிருந்து 100-ஆம் இடத்துக்கு இறங்கியது. மாணவர் எண்ணிக்கை, ஆசிரியர் இருப்பு, தரவரிசை ஆகிய மூன்றும் மூன்று திசையில் நகர்ந்தன. எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் அதை வெற்றி என்பார். விரும்பிச் சேர்ந்த பாடத்தைக் கற்பிக்க ஆளில்லாமல் தவித்த மூன்றாமாண்டு மாணவரிடம் அந்த வாதம் செல்லாது.

1941 ஜார்ஜியா

இது இந்தத் தலைமுறையின் கண்டுபிடிப்பு அல்ல. 1941-ல் ஜார்ஜியா ஆளுநர் யூஜின் டால்மட்ஜ், ஜார்ஜியா பல்கலைக்கழகக் கல்வியியல் கல்லூரியின் தலைவர் வால்டர் காக்கிங்கை நீக்கச் சொன்னார். வெள்ளையரும் கறுப்பரும் ஒன்றாகப் படிப்பதை அவர் ஆதரிக்கிறார் என்பது குற்றச்சாட்டு. காக்கிங் அயோவாவைச் சேர்ந்தவர். வெளி மாநிலங்களிலிருந்து வந்த இத்தகைய பேராசிரியர்களை "அந்நியர்கள்" என்று டால்மட்ஜ் தூற்றினார். ஆட்சிக்குழு முதலில் மறுத்தது. டால்மட்ஜ் குழு உறுப்பினர்களையே மாற்றினார். புதிய குழு காக்கிங்கை நீக்கியது.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். தென் மாநிலக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் வழங்கும் சங்கம், அரசியல் தலையீட்டைக் காரணம் காட்டி ஜார்ஜியாவின் பத்து மாநிலக் கல்லூரிகளின் அங்கீகாரத்தைப் பறித்தது. அங்கே வாங்கிய பட்டத்துக்கு வேறு மாநிலத்தில் மதிப்பிருக்காது; மேற்படிப்புக்குச் சேர்க்கமாட்டார்கள். நற்பெயர் என்ற தெளிவற்ற பொருள் ஒரே நாளில் ஒவ்வொரு வீட்டுக்கும் வந்து கதவைத் தட்டியது. மாணவர்கள் ஆளுநரின் கொடும்பாவியைத் தூக்கிலிட்டார்கள். ஊர் ஊராகப் போய்ப் பிரசாரம் செய்தார்கள். 1942 தேர்தலில் டால்மட்ஜ் எல்லிஸ் ஆர்னலிடம் தோற்றார். 1943-ல் ஆட்சிக்குழுவுக்கு மாநில அரசமைப்பிலேயே தன்னாட்சி எழுதப்பட்டது, அங்கீகாரம் திரும்பியது. டால்மட்ஜை எதிர்த்த ஆர்னல் இனப்பிரிவினையை எதிர்த்தவர் அல்லர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அந்தத் தேர்தல் கல்லூரிகளைக் காப்பாற்றியது. கறுப்பின மாணவர்களுக்கு அவற்றின் கதவைத் திறக்க இன்னும் இருபது ஆண்டுகள் ஆயின.

அங்கீகாரம் என்ற அந்தக் கடிவாளம் இன்று கழற்றப்படுகிறது. 2021-ல் புளோரிடா பல்கலைக்கழகம் தன் மூன்று அரசியல் அறிவியல் பேராசிரியர்களை, மாநிலத்தின் வாக்குரிமைச் சட்டத்துக்கு எதிரான வழக்கில் நிபுணர் சாட்சியம் அளிக்கக் கூடாது என்று தடுத்தது. கண்டனம் எழுந்ததும் பின்வாங்கியது. அதே தென் மாநிலச் சங்கத்தின் இன்றைய அமைப்பு அது குறித்து விளக்கம் கேட்டது. ஆளுகைக் குழுவில் உட்கார்ந்துகொண்டே கோர்கரன், புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகம் என்ற இன்னொரு பல்கலைக்கழகத்தின் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டது குறித்தும் அவ்வாண்டே கேள்வி எழுப்பியது. பின்னாளில் நியூ காலேஜுக்குப் போன அதே கோர்கரன்தான். 2022-ல் புளோரிடா ஒரு சட்டம் இயற்றியது: மாநிலக் கல்லூரிகள் தங்கள் அங்கீகார அமைப்பை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். 2025 ஜூனில் டிசாண்டிஸ், டெக்சாஸ், ஜார்ஜியா உள்ளிட்ட ஐந்து தென் மாநிலங்களின் பல்கலைக்கழக அமைப்புகளோடு சேர்ந்து சொந்தமாக ஓர் அங்கீகார அமைப்பையே தொடங்குவதாக அறிவித்தார். 1942-ல் டால்மட்ஜுக்குக் கிடைத்த தண்டனை அடுத்த ஆளுநர் யாருக்கும் கிடைக்காமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடாகவே நான் இதைப் பார்க்கிறேன். அங்கீகார அமைப்புகள் மந்தமானவை, செலவு வைப்பவை என்ற குறைகள் நியாயமானவையே. ஆனால் கேள்வி கேட்டவுடன் அவற்றை மாற்றுவதைச் சீர்திருத்தம் என்று சொல்லக்கூடாது.

கெட்ட பெயர் மீளாது என்றும் இல்லை. 1949-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகம் தன் ஆசிரியர்களிடம் கம்யூனிச எதிர்ப்பு விசுவாச உறுதிமொழி கேட்டது. கையெழுத்திட மறுத்த 31 பேரை 1950 ஆகஸ்டில் நீக்கியது. இயற்பியலாளர்கள் சிலர் தாமாகவே கிளம்பிப் போனார்கள். 1952-ல் மாநில உச்ச நீதிமன்றம் நீக்கப்பட்டவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. நீக்கப்பட்ட இளம் இயற்பியலாளர்களில் ஒருவரான டேவிட் சாக்ஸன் 1975-ல் அதே பல்கலைக்கழகத்தின் தலைவரானார். அதன் பெர்க்லி வளாகம் மீண்டது: நீதிமன்றம் துணைநின்றது, அடுத்த இருபது ஆண்டுகள் மாநிலம் பணத்தை வாரிக் கொட்டியது. இவற்றில் ஒன்று இல்லாமல் போயிருந்தாலும் கதை வேறாகியிருக்கும்.

இங்கிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு

டெக்சாஸ், புளோரிடா, அரிசோனா, வட கரோலைனா மாநிலப் பல்கலைக்கழகங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து மேற்படிப்புக்குப் போகிறவர்கள் நிறைய. இளநிலை மாணவரைவிட இவர்களுக்கு மாநில அரசியல் நெருக்கமானது. முனைவர் பட்ட மாணவரின் ஐந்தாண்டு வாழ்க்கை ஒரே வழிகாட்டியின் கையில் இருக்கிறது. அவர் வேறு மாநிலத்துக்குப் போனால் மாணவரும் மூட்டை கட்ட வேண்டும், அல்லது தலைப்பையே மாற்ற வேண்டும். 2025 அக்டோபரில் டிசாண்டிஸ், மாநிலப் பல்கலைக்கழகங்கள் எச்-1பி விசாவில் ஆள் எடுப்பதை நிறுத்த வேண்டும் என்றார். முனைவர் பட்டத்துக்குப் பிறகு அங்கேயே ஆய்வாளராகவோ உதவிப் பேராசிரியராகவோ தொடர நினைக்கும் நம் பிள்ளைகளின் பாதையைத் தொடும் பேச்சு அது.

ஆகவே சேர்க்கைக் கடிதம் வந்ததும் தரவரிசையை மட்டும் பார்த்துப் பணம் கட்டிவிட வேண்டாம். துறையின் இணையப் பக்கத்தில் கடந்த ஐந்தாண்டுகளில் புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியர்கள் எத்தனை பேர், காணாமல் போன பெயர்கள் எவை என்று பாருங்கள். வழிகாட்டியாக வரப்போகிறவரிடம், அடுத்த சில ஆண்டுகள் அங்கேயே இருக்கும் எண்ணமா என்று மரியாதையோடு கேட்பதில் தவறில்லை. பெரும்பாலானோர் நேர்மையாகப் பதில் சொல்வார்கள். பல்கலைக்கழகத்தின் அங்கீகார அமைப்பு எது, அமெரிக்க மத்தியக் கல்வித் துறை அதை ஏற்றிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். மிச்சத்தை அங்கே படித்துக்கொண்டிருக்கும் நம் ஊர்ச் சீனியர்கள் சொல்வார்கள்.